கைப்பேசிக்கு ஒரு குதிர்



கொள்ளிடக் கரையில் வாழும் உழவர்களுக்குப் பத்தாயம் என்பது புதிய சொல் அன்று. அறுவடை செய்த நெல்லைக் கொட்டி வைக்கும் பெரிய மரப்பெட்டிக்கு அப்பெயர். விளைச்சல் மிகுந்த ஆண்டில் பத்தாயம் நிரம்பிவிட்டால், எஞ்சிய நெல்லை யாரும் தெருவில் எறிந்துவிடுவதில்லை. திண்ணையோரத்தில் மண்குதிர் ஒன்றை அமைத்து அதில் கொட்டி வைப்பார்கள். இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கின்ற ஸ்மார்ட்போன் என்னும் கைப்பேசிக்கும் இத்தகைய நெருக்கடி அடிக்கடி நேர்கிறது. அதன் பத்தாயம் நிரம்பிவிடுகிறது; "சேமிப்பிடம் போதவில்லை" என்ற அறிவிப்புத் திரையில் தோன்றுகிறது. அப்போது நமக்குக் கைகொடுக்கும் குதிர்தான் மெமரி கார்டு என்று கடைகளில் விற்கப்படும் நினைவட்டை. அது எத்தகையது, எவ்வாறு இயங்குகிறது, அதை எப்படித் தேர்ந்து எப்படிப் பயன்படுத்துவது, எந்த அளவுக்கு நம்பலாம் என்பனவற்றை இன்று உங்களோடு கலந்து பேச விரும்புகிறேன்.

முதலில் அளவைத் தெரிந்துகொள்வோம். நெல்லை மரக்காலாலும் கலத்தாலும் அளந்தது போலக் கைப்பேசியில் உள்ள செய்திகளைப் 'பைட்' என்னும் அளவால் அளக்கிறார்கள். பத்து இலட்சம் பைட் கொண்டது ஒரு மெகாபைட். நூறு கோடி பைட் கொண்டது ஒரு ஜிகாபைட். கைப்பேசியில் எடுக்கும் நல்ல புகைப்படம் ஒன்றுக்கு ஏறக்குறைய 4 மெகாபைட் வேண்டும். தெளிவான அசையும் படம் ஒரு நிமிடம் எடுத்தால் 100 மெகாபைட்டுக்கு மேல் ஆகிவிடும். 32 ஜிகாபைட் கொண்ட கைப்பேசி என்று வாங்கி வருகிறோம். ஆனால் அந்த இடம் முழுவதும் நமக்கு உரியதன்று. கைப்பேசியை இயக்கும் அடிப்படை நிரல்களுக்கே அதில் கணிசமான பங்கு போய்விடும். அதன்மேல் நாம் ஏற்றிக்கொள்ளும் செயலிகள், நண்பர்கள் காலைதோறும் அனுப்பும் வணக்கப் படங்கள், திருமண நிகழ்ச்சிகளின் அசையும் படங்கள் எல்லாம் சேர்ந்தால், சில மாதங்களிலேயே இடம் தீர்ந்துவிடுவதில் வியப்பு என்ன இருக்கிறது?

இடம் தீர்வது சிறு தொல்லைதானே என்று நீங்கள் எண்ணலாம். நானும் அதைப் பெரிதாக எண்ணியதில்லை, பிச்சாவரத்தில் ஒரு மாணவனைப் பார்க்கும் வரையில்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் முகத்துவாரங்களுக்கு இடையே பிச்சாவரத்துச் சதுப்பு நிலக் காடு பரந்து கிடக்கிறது. ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்புடைய இக்காட்டை 2022-ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். உவர்நீரில் நின்று வளரும் சுரபுன்னையும் கண்டலும் தில்லையும் இங்கே உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்த மரத்தை இன்று காண வேண்டுமானால் இக்காட்டுக்குத்தான் வர வேண்டும். சேற்றிலிருந்து மேல்நோக்கி எழும் மூச்சு வேர்களையும், மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் சுரபுன்னை விதைகளையும் படம் எடுப்பதற்காகச் சில மாணவர்களைப் படகில் அழைத்துச் சென்றிருந்தேன். மற்றவர்கள் மரங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் குனிந்த தலை நிமிராமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, படம் எடுக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"இடம் இல்லை ஐயா. பழைய படங்களை அழித்துக்கொண்டிருக்கிறேன்" என்றான்.

"எந்தப் படங்கள்?"

"எங்கள் ஆயாவின் படங்கள் ஐயா. போன தை மாதம் தவறிவிட்டார்கள். நிறைய இருக்கின்றன, சிலவற்றை அழித்தால் இன்றைக்குப் போதும்."

நான் அவனைத் தடுத்து, வேறொரு மாணவனின் கைப்பேசியிலேயே இருவருக்குமாகப் படம் எடுக்கச் சொன்னேன். மரத்தின் வேர் நாளையும் அங்கேயே இருக்கும். மறைந்த பாட்டியின் முகத்தை இனி யார் படம் எடுக்க முடியும்? இடம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எதை வைப்பது, எதை விடுவது என்ற முடிவை ஓடும் படகில் அரை நிமிடத்தில் எடுக்க வேண்டிய நிலை மாணவர்க்கு வரலாமா? வராமல் காக்கும் வழி சில நூறு ரூபாயில் கடையில் கிடைக்கிறது. ஆனால் அதன் இயல்பை அறிந்து பயன்படுத்த வேண்டும்.

நினைவட்டையை எடுத்துப் பாருங்கள். நீளம் 15 மில்லிமீட்டர், அகலம் 11 மில்லிமீட்டர், கனம் 1 மில்லிமீட்டர். கட்டைவிரல் நகத்தளவே உள்ள இக்கருந்தகட்டில் சக்கரமோ ஊசியோ ஒன்றும் இல்லை. உள்ளே இருப்பது சிலிக்கன் சில்லு. அந்தச் சில்லில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையையும் மின்சாரம் கடக்காத காப்புச் சுவர் சூழ்ந்திருக்கிறது. எழுதும்போது சற்று உயர்ந்த மின்னழுத்தத்தைத் தந்து எலெக்ட்ரான்களை அந்தச் சுவருக்குள் புகுத்திவிடுகிறார்கள். பின்னர் மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடுகின்றன. எந்த அறையில் எத்தனை எலெக்ட்ரான்கள் தங்கியிருக்கின்றன என்பதைக் கொண்டே செய்தி படிக்கப்படுகிறது. வாய் பூசிய குதிருக்குள் நெல் தங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வகை நினைவகத்தைக் கண்டவர் ஜப்பானிய நாட்டுத் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்னும் பொறியாளர். அவர் தம் கண்டுபிடிப்பை 1984-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அறைகளின் தொகுதி ஒன்றை ஒரே கணத்தில் அழித்துவிட முடிந்ததால், புகைப்படக் கருவியின் மின்வெட்டு விளக்கை நினைந்து இதற்கு 'ஃபிளாஷ்' என்று பெயர் வைத்தார்கள். 1987-இல் அவரே இதனினும் நெருக்கமாக அறைகளை அடுக்கக்கூடிய 'நேண்ட்' வகையை வெளியிட்டார். இன்றைய நினைவட்டைகள் அவ்வழியில் வந்தவையே. பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் கூடி 1999-இல் எஸ்.டி. அட்டையை அறிமுகப்படுத்தின. அதன் மிகச் சிறிய வடிவமே 2005-இல் மைக்ரோ எஸ்.டி. என்ற பெயரைப் பெற்று, கைப்பேசிகளுக்குள் இடம் பிடித்தது.

இனி வாங்கும் முறையைக் காண்போம். கடைக்குச் செல்லுமுன் உங்கள் கைப்பேசியில் அட்டைக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கைப்பேசிகளிலும் அது இல்லை. ஐபோன் எதிலும் எக்காலத்திலும் அவ்வசதி இருந்ததில்லை. விலை மிகுந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றிலும் அதை நீக்கிவிட்டார்கள். விலை குறைந்த கைப்பேசிகளிலோ இன்னும் பலவற்றில் அது கிடைக்கிறது. சிலவற்றில் இரண்டாவது சிம் அட்டைக்கும் நினைவட்டைக்கும் ஒரே பள்ளந்தான் இருக்கும். அவற்றுள் எது வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அடுத்துக் கொள்ளளவு. 32 ஜிகாபைட் வரையிலுள்ள அட்டைகளை எஸ்.டி.எச்.சி. என்றும், அதற்கு மேல் 2 டெராபைட், அதாவது 2,000 ஜிகாபைட் வரையிலுள்ளவற்றை எஸ்.டி.எக்ஸ்.சி. என்றும் வகுத்திருக்கிறார்கள். உங்கள் கைப்பேசி எந்த அளவு வரை ஏற்கும் என்பது அதனுடன் வந்த குறிப்பேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அதற்கு மேற்பட்டதை வாங்கினால் பயன்படாமல் போகலாம்.

64 ஜிகாபைட் அட்டையை வாங்கிப் பொருத்தியவுடன் கைப்பேசி 59 ஜிகாபைட் சொச்சம் என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சினம் கொள்ள வேண்டாம். அட்டை செய்பவர் நூறு கோடி பைட்டை ஒரு ஜிகாபைட் என்று கணக்கிடுகிறார். கருவிகள் பலவும் இரண்டின் அடுக்குகளில் எண்ணி, 107 கோடியே 37 இலட்சத்து 41 ஆயிரத்து 824 பைட்டை ஒரு ஜிகாபைட் என்கின்றன. 6,400 கோடியை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள், 59.6 வரும். நெல் குறையவில்லை, மரக்கால்தான் வேறு. 4 மெகாபைட் அளவுள்ள படங்களாக வைத்தால் இவ்வட்டையில் 16,000 படங்கள் அடங்கும்.

அட்டையின் முகத்தில் வேறு சில குறிகளும் காணப்படும். வட்டத்துக்குள் 10 என்று இருந்தால், நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் வேகத்தில் அதில் எழுதலாம் என்பது பொருள். கிண்ணம் போன்ற குறிக்குள் 3 என்றிருந்தாலும், வி 30 என்றிருந்தாலும் அவ்வேகம் 30 மெகாபைட். படங்களை வைக்க முன்னது போதும். உயர்தர அசையும் படம் எடுப்போருக்குப் பின்னது வேண்டும். ஏ 1, ஏ 2 என்னும் குறிகள், செயலிகளை அட்டையிலிருந்தே இயக்குவதற்கு ஏற்றவை என்பதை உணர்த்துவன.

போலிகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். மிகப் பெரிய கொள்ளளவை அச்சிட்டு மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் அட்டைகளில் சில, உண்மையில் அதில் சிறு பகுதியையே கொள்ளும். கைப்பேசியிடம் பெரிய எண்ணைப் பொய்யாகச் சொல்லுமாறு அவற்றை அமைத்திருப்பார்கள். இடம் நிரம்பிய பிறகும் அவை மறுக்காமல் வாங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் முன்பு எழுதியதன் மேலேயே எழுதும், அல்லது வந்ததைத் தொலைத்துவிடும். பல நாள் கழித்துப் படத்தைத் திறக்கும்போதுதான் உண்மை தெரியும். ஆகவே நம்பத்தக்க கடையில் பற்றுச்சீட்டுடன் வாங்குங்கள். கணினி இருந்தால் அட்டை முழுவதையும் ஒருமுறை நிரப்பித் திரும்பப் படித்துச் சோதித்துவிடுங்கள். இதற்கென்றே இலவச நிரல்கள் இருக்கின்றன.

பொருத்துவது எளிது. கைப்பேசியை அணைத்துவிட்டு, பெட்டியில் தந்திருக்கும் சிறு ஊசியால் தட்டை வெளியே இழுத்து, பொன்னிறத் தொடுமுனைகள் உரிய பக்கம் இருக்குமாறு அட்டையை வைத்து, மெல்ல உள்ளே தள்ள வேண்டும். பிச்சாவரம் போன்ற உப்புக் காற்று வீசும் இடத்தில், ஈரக் கையோடு, ஆடும் படகில் இவ்வேலையைச் செய்ய வேண்டாம். தொடுமுனைகளில் உப்பும் ஈரமும் படிந்தால் தொடர்பு கெடும். நீருக்குள் விழுந்த நகத்தளவு தகட்டைச் சேற்றில் தேடி எடுப்பதும் நடவாத காரியம்.

பொருத்திய பின் கைப்பேசி ஒரு கேள்வி கேட்கக்கூடும். இங்கேதான் நிதானம் தேவை. நினைவட்டையை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். கையில் எடுத்துச் செல்லும் தனிச் சேமிப்பகமாக வைத்துக்கொள்வது ஒரு முறை. அப்போது அட்டையைக் கழற்றி வேறு கைப்பேசியிலோ கணினியிலோ போட்டுப் படங்களைக் காணலாம். மற்றொரு முறை 2015-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டின் ஆறாம் பதிப்பிலிருந்து வந்தது. அதில் அட்டை கைப்பேசியின் உட்சேமிப்பகத்தோடு சேர்ந்து ஒன்றாகிவிடும். செயலிகளையும் அதில் ஏற்றலாம். ஆனால் அதற்காக அட்டையில் முன்பிருந்தவை அனைத்தும் அழிக்கப்படும். புதிதாக எழுதுபவை அக்கைப்பேசிக்கு மட்டுமே விளங்கும் மறைகுறியில் எழுதப்படும். கைப்பேசி பழுதாகிவிட்டால், அட்டை நலமாக இருந்தும் அதிலுள்ளதைப் படிக்க முடியாது. எல்லா நிறுவனங்களும் இம்முறையைத் தருவதில்லை. தந்தாலும், மாணவர்களுக்கு முதல் முறையையே நான் பரிந்துரைப்பேன். செயலிகள் உட்சேமிப்பகத்தில் இருக்கட்டும்; அங்கே அவை விரைவாக இயங்கும். படம், பாடல், பாடக் குறிப்பு, ஒலிப்பதிவு ஆகியவை அட்டைக்குப் போகட்டும்.

ஒன்றை மறவாதீர்கள். அட்டையைப் பொருத்தியதனால் மட்டும் பழைய படங்கள் தாமே அதற்குக் குடிபோவதில்லை. புகைப்படக் கருவியின் அமைப்புகளைத் திறந்து, சேமிக்கும் இடம் நினைவட்டை என்று மாற்ற வேண்டும். முன்பே எடுத்தவற்றைக் கோப்பு மேலாளர் மூலம் நாமே நகர்த்த வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் பெரும்பாலும் உட்சேமிப்பகத்திலேயே வந்து குவிகின்றன. மாதம் ஒருமுறை உட்கார்ந்து அவற்றில் வேண்டியவற்றை அட்டைக்கு மாற்றி, வேண்டாதவற்றைக் களைந்துவிட வேண்டும். நகர்த்தும்போது முதலில் படியெடுத்து, அட்டையில் படம் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே மூலத்தை அழிப்பது நல்லது. கழற்றும்போதும் அமைப்புகளில் 'வெளியேற்று' என்று கட்டளை தந்தபின் கழற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கையில் பிடுங்கினால் கோப்பு சிதையும்; சில வேளை அட்டை முழுவதுமே படிக்க இயலாததாகிவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டோம். இனிக் கவலை இல்லை என்று இருந்துவிடலாமா? இதுவே என் பேச்சின் முக்கியமான இடம். நினைவட்டை நமக்கு இடம் தருகிறது, காவல் தருவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றென்று கருதுவதனால்தான் பலர் பின்னர் வருந்துகிறார்கள்.

ஏன் என்று பாருங்கள். அட்டையின் நுண்ணறைகள் அழியாத கல்லறைகள் அல்ல. ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் காப்புச் சுவர் சிறிது தேய்கிறது. அறையின் வகைக்கேற்பச் சில நூறு முதல் சில ஆயிரம் முறை வரையிலேயே அது தாங்கும். அடைபட்ட எலெக்ட்ரான்களும் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசிகின்றன. வெப்பத்தில் இக்கசிவு மிகும். பழைய புத்தகத்தில் எழுத்து மங்கி வருவதைக் கண்ணால் காணலாம். நினைவட்டையோ பெரும்பாலும் முன்னறிவிப்பின்றியே மௌனமாகிவிடும். கைப்பேசியோடு அதுவும் தொலைந்து போகலாம். தொலைந்த அட்டை பிறர் கையில் கிடைத்தால், மறைகுறி இல்லாத அட்டையில் உள்ள குடும்பப் படங்களை யாரும் பார்க்கலாம். ஆகவே கைப்பேசியைப் பழுது பார்க்கவோ விற்கவோ கொடுக்குமுன் அட்டையைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே இடத்தில் ஒன்றை வைத்துப் பூட்டுவதன் விளைவைச் சிதம்பரத்தைவிட நன்றாக உணர்த்தக்கூடிய ஊர் எது? தேவாரச் சுவடிகள் தில்லைக் கோயிலின் அறை ஒன்றில் பூட்டிக் கிடந்தன என்றும், இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் சென்று அவ்வறையைத் திறந்தபோது சுவடிகளைப் புற்று மூடியிருந்தது என்றும், செல்லரித்தவை போக எஞ்சியவையே நமக்குக் கிடைத்தன என்றும் திருமுறை கண்ட வரலாறு கூறுகிறது. பூட்டு வலியதாகத்தான் இருந்தது. கரையானுக்குப் பூட்டு ஏது? அதே கோயிலில் மற்றொரு காட்சியையும் காணலாம். நாட்டியத்தின் 108 கரணங்களைக் காட்டும் சிற்பங்களை ஒரு வாயிலில் மட்டும் வைத்துவிடாமல், நான்கு கோபுரங்களின் வாயில்களிலும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றில் ஓர் உருவம் சிதைந்தாலும் மற்றொன்றில் கண்டு தெளியலாம். நினைவட்டை வாங்கும் மாணவர்க்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

எனவே, இழக்கக் கூடாதது எதுவோ அதற்கு மூன்று படிகள் இருக்கட்டும். ஒன்று கைப்பேசியில் அல்லது அதன் அட்டையில். இரண்டாவது கணினியிலோ பென் டிரைவிலோ. மூன்றாவது வீட்டுக்கு வெளியே வேறோர் இடத்தில். அந்த வேறிடம் இணையத்தின் மேகச் சேமிப்பகமாக இருக்கலாம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட் இடம் எல்லாப் படங்களுக்கும் போதாது. ஆனால் மிக வேண்டிய சில நூறு படங்களுக்குத் தாராளமாகப் போதும். இணையம் எளிதில் கிடைக்காத ஊரிலிருப்போர், வெளியூரிலுள்ள அண்ணன் வீட்டிலோ நம்பிக்கைக்குரிய நண்பரிடமோ ஒரு பென் டிரைவைக் கொடுத்து வைக்கலாம்.

வேறிடம் ஏன் வேண்டும் என்று கடலூர் மாவட்டத்துக் கரையோர மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோதும், 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் வீசியபோதும் வீட்டோடு சேர்ந்து வீட்டிலிருந்த பொருள்களும் போயின. பிச்சாவரத்துக் காடு தன் பின்னிருந்த சிற்றூர்களுக்கு அரணாக நின்று அலையின் வேகத்தைத் தணித்தது. காடு இல்லாத கரைகளில் அவ்வரண் இல்லை. உடைந்த வீட்டை மீண்டும் கட்டலாம். படகையும் வலையையும் மீண்டும் வாங்கலாம். சட்டமிட்டு மாட்டியிருந்த தந்தையின் ஒரே படம் அலையில் போய்விட்டால் எங்கே வாங்குவது? அன்று படியெடுத்து வைக்கும் வசதி ஏழை எளியவர்க்கு இல்லை. இன்று இருக்கிறது.

மாணவ நண்பர்களே, நீங்கள் எடுக்கும் படங்கள் உங்களுக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டாம். இன்று நீங்கள் பதிவு செய்யும் ஒரு கால்வாயின் கரை, ஒரு மரத்தின் நிலை, ஒரு கிழவியின் தாலாட்டு ஆகியவை இருபது ஆண்டு கழித்து ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு அரிய சான்றாகலாம். படத்துக்குப் பெயரும் நாளும் இடமும் எழுதி அடைவுகளில் ஒழுங்காக வையுங்கள். பயனற்றதைத் தயங்காமல் களையுங்கள். போற்றத்தக்கதை ஒன்றுக்கு மூன்றாக வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கினால் இவ்வேலை முடிந்துவிடும்.

குதிர் நிறைய நெல் இருந்தாலும், உழவன் விதைநெல்லைத் தனியே கோட்டை கட்டி வைப்பான். இடம் இருக்கிறதே என்று விதையையும் அதே குதிரில் கொட்டிவிடுவதில்லை. உங்கள் கைப்பேசியில் விதைநெல் எது என்பதை நீங்களே அறிவீர்கள். இன்று மாலையே அதைத் தேர்ந்து, தனியே ஒரு படி எடுத்து வையுங்கள்.